நிற்காத தோட்டா

சகனெட்சா தடம் பார்க்கிறவன், நான் சுடுகிறவன். காட்டுக்குள் நான் சொன்னதை அவன் கேட்க வேண்டும். ஆனால் அவன் என் மனைவி ஷோராயின் தம்பி. எங்கள் ஆட்களிடம் பெண் கொடுத்த வீட்டு ஆண்பிள்ளை தவழ்கிற குழந்தையானாலும் மாமனார் முறைதான். என்னைவிட ஒன்பது வயது சின்னவனை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். அவன் முன்னால் குந்தி, விரல்களைச் சேர்த்து, மெல்லக் கை தட்டி வணங்க வேண்டும். பதிலுக்கு அவன் தட்டின பிறகுதான் மற்ற பேச்சு. இதை வீட்டில் ஒழுங்காகச் செய்வேன். காட்டில் செய்ய மாட்டேன். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பொடியன் முன்னால் குந்த எனக்கு மனசு வரவில்லை. அதை அவன் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

அன்று காலையும் அதில்தான் ஆரம்பித்தான். முகாம் நெருப்பில் முந்தின நாள் சோளக்களியைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தோம்.

"மாப்ள, இன்னும் கும்பிடு விழலையே."

"காட்டுல கும்பிடு கிடையாது."

"காடு அதோ, ஓடைக்கு அந்தப் பக்கம். இது முகாம்."

காது கேட்காதவன் மாதிரி இடுப்புப் பட்டையில் தோட்டாக்களைச் செருகினேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், காசு கட்டி வேட்டைக்கு வந்திருந்த ஹோல்கர் ஒரு கிழட்டுக் காட்டெருமையை வயிற்றில் சுட்டுவிட்டார். அது முள்காட்டுக்குள் போய்விட்டது. அடிபட்ட எருமையை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. விறகுக்கும் தேனுக்கும் வருகிற யாரையாவது அது கொன்றுவிடும். சுட்டவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார். பின்தொடர்ந்து போய் முடிப்பது எங்கள் வேலை.

சகனெட்சா எழுந்து வந்து என் பட்டையில் இருந்த தோட்டாக்களின் மூக்கை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"எல்லாமே பித்தளையா? ஒரு சாஃப்ட் கூட இல்லையா?"

"இல்ல."

"யானைக்கா போறோம்?"

என் நானூற்றைம்பத்தெட்டு காலிபர் மாதிரி பெரிய துப்பாக்கிக்கு இரண்டு வகைத் தோட்டா உண்டு. சாஃப்டின் மூக்கு ஈயம். சதையில் பட்டதும் காளான் மாதிரி விரிந்து, உள்ளே நாசம் பண்ணிவிட்டு, உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். சாலிட் முழுக்கப் பித்தளைக் கடைசல். எலும்பில் மோதினாலும் நசுங்காது, விரியாது, வழி மாறாது. யானை மண்டையைத் துளைக்க அதுதான் வேண்டும். எருமைக்கு முதல் குண்டு சாஃப்ட், அடுத்தவை சாலிட் என்று பெரும்பாலானவர்கள் போடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். என் அண்ணன் பினியாஸ் செத்த நாளோடு அதை விட்டேன். பத்தடியில் நான் சுட்ட சாஃப்ட் எருமையின் தோள் எலும்பில் பட்டு மூன்று துண்டாகச் சிதறியது. தோலுக்கு அடியிலிருந்து அந்தத் துண்டுகளை நானேதான் பிறகு தோண்டி எடுத்தேன். அண்ணன் அப்போது என் பின்னால், போர்வை போர்த்திக் கிடந்தான். அதற்குப் பிறகு எனக்கு சாலிட்தான், எதற்கானாலும் சரி.

"சாலிட் ஒண்ணைத் தாண்டி அடுத்ததையும் கொல்லும் மாப்ள. பின்னால நிக்கறது யாருன்னு அதுக்குத் தெரியாது."

"இது ஒத்தை எருமை. பின்னால எதுவும் நிக்காது."

"நான் நின்னா?"

"நீ எனக்கு முன்னால தடம் பாத்துட்டுப் போறவன். நீ எப்படிப் பின்னால போய் நிப்ப?"

"மாமனார் சொல்றேன், ரெண்டு சாஃப்ட் வை," என்றான். நான் வைக்கவில்லை. பெட்டியில் ஏழு இருந்தன. எடுத்துச் செருக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவன் மாமனார் தோரணையில் சொன்னதால்தான் வைக்கவில்லை. இதை இப்போது ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

வண்டியில் இருந்தவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். என்ன சத்தம் கேட்டாலும் முள்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள், நாங்கள் வருகிறவரை காத்திருங்கள். ஹோல்கர் சொன்னபடி நடக்கிற மனுஷர். அன்றைக்கு அதுவே எங்களுக்கு வினையாயிற்று.

வெயில் ஏறுவதற்குள் இரத்தத் தடம் கிடைத்தது. சகனெட்சா குனிந்தபடி முன்னால் போனான், நான் மூன்று எட்டு பின்னால். முள்காட்டில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. அடிபட்ட எருமை சுற்றி வந்து தன் தடத்துக்குப் பக்கத்திலேயே நின்று காத்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன். பக்கவாட்டில் புதர் கிழிந்தது. சகனெட்சா நிமிர்வதற்குள் அவன் காலுக்குக் கீழே கொம்பு போய்விட்டது. அவன் மேலே போனதைப் பார்த்தேன், விழுந்ததைப் பார்க்கவில்லை.

மூன்று குண்டு போட்டேன். முதல் குண்டு கழுத்துக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. எருமை அதைச் சட்டையே செய்யவில்லை. சாலிட் போடும் துளை விரல் பருமன்தான். உயிர்நிலையில் படாவிட்டால் ஊசி குத்தின மாதிரி. இரண்டாவது எங்கே பட்டது என்று தெரியாது. மூன்றாவது மரத்தில். அதற்குள் அது என் பக்கம் திரும்பிவிட்டது. பின்வாங்கினேன். முள் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தது, கொக்கி அறுந்தது. அடுத்த எட்டில் கால் வைத்த இடத்தில் தரையே இல்லை. நிலப்பன்றி தோண்டிய வளை. கால் முதலாக மார்பு வரை உள்ளே போனேன். எருமை என் தலைக்கு மேல் கொம்பை வீசியது, எட்டவில்லை. ஆனால் அதன் முன்கால் வளையின் கூரையில் இறங்கியது. மொத்த மண்ணும் சரிந்து என்னை விலா வரை இறுக்கிப் பிடித்தது.

துப்பாக்கி மண்ணுக்குள் பாதி. கையால் அதை இழுக்கிறேன், வரவில்லை. எருமையின் மூச்சு நெற்றியில் படுகிறது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஏய் கிழட்டு மாடு. அது குரங்குக் குலத்தான், தின்னாலும் ருசிக்காது. இங்க வா."

என் குலம் குரங்கு. சகனெட்சாவின் குலம் எருமை. அவர்கள் வீட்டில் எருமைக் கறி நுழையாது. எருமை தலையைத் தூக்கியது, குரல் வந்த பக்கம் போயிற்று. என் உயிரை எடுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டான் அவன். நான் துப்பாக்கியை இழுத்து, மண்ணை ஊதி, உள்ளே இருந்த கடைசித் தோட்டாவை ஏற்றுவதற்குள் அது வறண்ட ஓடையின் விளிம்புக்குப் போய்விட்டது.

ஓடைக்குள் விழுந்த ஒரு மொபானி மரத்தின் அடியில் சகனெட்சா கிடந்தான். மரம் குறுக்கே கிடந்ததால் எருமையால் அவனை எட்ட முடியவில்லை. எனக்கும் எருமைக்கும் பதினைந்து எட்டு. எருமைக்கும் அவனுக்கும் ஐந்து எட்டு. மூன்றும் ஒரே கோட்டில். எருமையின் பின்புறம்தான் எனக்குத் தெரிந்தது, அதற்கு நேர் பின்னால் அவன். மண் என்னை இறுக்கியிருந்ததால் நான் பக்கவாட்டில் ஒரு சாண்கூட நகர முடியாது.

"உயிரோட இருக்கியா மாமா?"

"தொடை எலும்பு போச்சு. நீ?"

"மாட்டிக்கிட்டேன். பாதி ஆளுதான் வெளில."

"எந்தப் பாதி?"

"மேல் பாதி."

"போச்சு. உபயோகமில்லாத பாதி."

அவன் பேசினால் எருமை மரத்தைக் கொம்பால் முட்டும். விளிம்பிலிருந்து மண் பொலபொலவென்று அவன்மேல் கொட்டும். அதனால் நான் பேசி அதை என் பக்கம் திருப்பப் பார்த்தேன். கத்தினேன், கை தட்டினேன், அதன் தாயைத் திட்டினேன். ஒரு காதை மட்டும் ஆட்டியது. அடிபட்ட எருமை ஒருவனைத் தேர்ந்துகொண்டால் அவன்தான்.

"அது உன்னை மதிக்கவே இல்ல மாப்ள. எங்க குலம், ஆள் தரம் தெரியும்."

சூரியன் உச்சிக்கு வந்தது. கண்ணீரைக் குடிக்க வருகிற அந்தப் பொடி ஈக்கள் கண்ணோரத்தில் மொய்த்தன; ஓட்டினால் மண் இன்னும் இறங்கியது. மூச்சை விட்டால் விலா சுருங்கும், அந்த இடத்தை மண் பிடித்துக்கொள்ளும், அடுத்த மூச்சு முன்னைவிடச் சின்னதாக வரும். காலடியில் வளைக்குள் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. பாம்பா, என் இரத்தமே கட்டிக்கொண்டு குறுகுறுக்கிறதா, தெரியாது. தண்ணீர்க் குப்பி பட்டையோடு போய்விட்டது. பட்டை மூன்று முழம் தள்ளி முள்ளில் தொங்கியது. பதினாறு தோட்டா அதில், எல்லாம் பித்தளை. எட்டியிருந்தாலும் என் கஷ்டம் தீர்ந்திருக்காது.

ஒரே ஒரு சாஃப்ட் இருந்திருந்தால் அதன் பின்பக்கத்தில் போட்டிருப்பேன். கொல்லாது, ஆனால் வலியில் திரும்பும். அவனுக்கு ஆபத்து இல்லாமல் அது உடம்புக்குள்ளேயே நின்றிருக்கும். சாலிட் நிற்காது. நெஞ்சில் நுழைந்து வாலடியில் வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த எருமைக்குள் நான் அனுப்புகிறது எதுவானாலும் என் மைத்துனன்மேல்தான் போய் இறங்கும். அதுவும் உரம் குறையாமல், புதுசு மாதிரி.

"மாப்ள, சுடு," என்றான் ஒருதரம்.

"நீ நேர் பின்னால இருக்க."

அவன் சிரித்தான். "காலையில என்ன சொன்ன? நீ எப்படிப் பின்னால போய் நிப்பன்னு கேட்டியா இல்லையா?"

"கேட்டேன் மாமா."

"நிக்கல. படுத்திருக்கேன்."

நிழல் கிழக்கே சாய ஆரம்பித்தபோது அவன் குரல் தேய்ந்துவிட்டது. எருமைக்கோ அலுப்பே இல்லை. முட்டி முட்டி விளிம்பில் ஒரு பள்ளம் பறித்துவிட்டது. மரத்தின் ஒரு முனை சரிந்தது. இன்னும் நாலு முட்டு, மரம் உருளும்.

"இங்க பாரு," என்றான். "கையைத் தூக்கறேன். தெரியுதா?"

மரத்துக்கும் புல்லுக்கும் நடுவே அவன் வலது கை எழுந்தது. வெளுத்த உள்ளங்கை மட்டும் தெரிந்தது.

"தெரியுது."

"என் தலை கைக்கு இடப்பக்கம் ரெண்டு சாண் தள்ளி. உடம்பு அதுக்குக் கீழ. இடப்பக்கம் வராத. ஒத்தைச் செருப்பு மிச்சம் இருக்கு. வலப்பக்கம் தூக்கி எறியறேன், அது திரும்பும். திரும்பினதும் போடு."

"எறிஞ்சிட்டுக் கையை இறக்கிரு."

"இறக்கினா நான் எங்க இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்? உன் லட்சணம் எனக்குத் தெரியாதா. மூணு குண்டுல ஒண்ணு மரத்துக்குப் போட்டவன் நீ."

"மாமா, வேண்டாம். வண்டியில இருக்கறவங்க வருவாங்க."

"வராதன்னு சொன்னதும் நீதான்." அவன் குரல் அப்போது மாறியது. கிண்டல் போய்விட்டது. "கிவின்யாய். மாமனார் சொல்றேன். காலையில கேக்கல, இப்பக் கேளு."

என்னைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைத்தேன்.

டயர் செருப்பு காய்ந்த இலைகளில் போய் விழுந்தது. எருமை தலையைத் திருப்பியது. பிறகு முன்கால்களை எடுத்து வைத்தது. அதன் விலா எனக்குச் சாய்வாகத் தெரிந்தது. கடைசி விலாவுக்குப் பின்னால் நுழைந்தால் குடல் தாண்டி, நெஞ்சு தாண்டி, எதிர்ப்பக்கத் தோளை உடைக்கும். அந்த எதிர்த் தோளுக்கு அப்பால், சரியாக அதே நேரில், அந்த உள்ளங்கை நின்றது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் யாரும் என்னை மறுத்துப் பேச முடியாது. அங்கே சாட்சி ஒரு செத்த எருமை. ஆனால் பார்த்தேன். தலை இடப்பக்கம் இரண்டு சாண் தள்ளி, கை நேர் எதிரில். எருமை மறுபடி அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது. கை என்று தெரிந்தே விசையை இழுத்தேன்.

எருமை எதிர்த் தோள்மேல் குப்புற விழுந்தது. நீளமாக ஒரு தரம் கத்தியது. சாகிற எருமை கத்துகிற கத்தல் அது. பிறகு ஈக்களின் சத்தம் மட்டும்.

"மாமா."

பதில் இல்லை.

"மாமா, விழுந்துருச்சு."

பதில் இல்லை. கத்தினேன். மண்ணை நகத்தால் பறித்தேன், துப்பாக்கிக் கட்டையால் குத்தினேன். அழுதேன். பாதி உடம்பு புதைந்து கிடக்கிறவன் அழுதால் அழுகைகூட முழுசாக வருவதில்லை. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது, எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தேன். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை ஒட்டி, மெல்லத் தட்டினேன். முறைப்படி, இரண்டு இரண்டாக. காட்டில் அவனுக்கு நான் வைத்த முதல் கும்பிடு.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. டப். டப். மரக்கட்டையை ஒரு கையால் தட்டுகிற சத்தம்.

எனக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. "ஒத்தைக் கையால தட்டறியா? நான் இங்க புதைஞ்சு கிடந்துட்டு ஒழுங்கா ரெண்டு கையால கும்பிடறேன், மாமனார் சாருக்குப் பதிலுக்கு ரெண்டு கை தூக்க வலிக்குதா?"

மறுபடி தட்டினான். டப். டப்.

வெளியே வர எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கால் மரத்துப் போய்த் தவழ்ந்துதான் ஓடைக்குப் போனேன். அவன் வலது கையைச் சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தான். சட்டை நனைந்திருந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அவனுக்குப் பின்னால் ஓடைச் சுவரில் ஒரு துளை. கத்தியால் குடைந்தபோது ஒரு முழ ஆழத்தில் தோட்டா கிடைத்தது. எருமையைத் தாண்டி, அவன் கையைத் தாண்டி, மண்ணுக்குள் போயிருந்தது. நசுங்கவில்லை. துடைத்தால் மறுபடி செருகலாம் போல இருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் நாலாம் நாள், ஷோராய் தண்ணீர் எடுக்க வெளியே போன சமயம், அவன் கேட்டான்.

"மாப்ள, என் கை தெரிஞ்சுதா?"

நாலு நாளாக அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உட்கார்ந்திருந்தேன். தெரியவில்லை என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"தெரிஞ்சுது மாமா."

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "அப்ப சரி," என்றான். "தெரியாமச் சுட்டிருந்தா உன்கூட இனி நான் வரமாட்டேன்."

ஒன்றரை வருடமாகிறது. தொடை கூடிவிட்டது, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான், தடம் பார்ப்பதில் குறை இல்லை. நான் இப்போது முகாமிலும் குந்தித் தட்டுகிறேன், காட்டிலும் குந்தித் தட்டுகிறேன். அவன் இடது கையால் தொடையில் தட்டிப் பதில் சொல்கிறான். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் ஷோராய் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். அவள் என்னை எதுவும் கேட்டதில்லை. கேட்டால் தேவலை.

என் பட்டையை இப்போது அவன்தான் நிரப்புகிறான். அது மாமனார் வேலை என்று பிடுங்கிக்கொண்டான். வலது கையின் இரண்டு விரலால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாகச் செருகுவான். எல்லாம் பித்தளை.

இன்று காலையும் குந்தித் தட்டிவிட்டுக் கேட்டேன். "மாமா, ரெண்டு சாஃப்ட் வையேன்."

"எதுக்கு? அன்னிக்கு சாஃப்ட் போட்டிருந்தா குடல்லயே நின்னிருக்கும், எருமை விழுந்திருக்காது. நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

அது நிஜமா, என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறானா, எனக்குத் தெரியவில்லை. தினமும் கேட்கிறேன், தினமும் இதையேதான் சொல்கிறான்.

"ஒண்ணாவது வை. எனக்காக."

அவன் கடைசித் தோட்டாவை எடுத்து, மூக்கைச் சட்டையில் துடைத்து, செருகி, பட்டையை என்னிடம் நீட்டினான். பித்தளை. மாமனார் கொடுத்ததை மறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவன் தடத்தைப் பார்த்துக் குனிந்தான். எப்போதும்போல எனக்கு முன்னால், மூன்று எட்டில்.